இரண்டு வீட்டுச் சத்தம்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் பெண்கள் கூட்டத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது உங்களில் ஒருத்தி என்னைக் கேட்டாள். "அக்கா, நீங்கள் எப்பவாவது பத்து நிமிசம் விடாமல் கதைச்சிருக்கிறியளோ?" எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். கதைத்திருக்கிறேன். பத்து நிமிடமல்ல, ஒரு கசெட்டின் ஒரு முழுப் பக்கம். அதைச் சொல்ல நான் வாய் திறப்பதற்குள் பேச்சு முழங்கால் வலிக்குப் போய்விட்டது. ஆகவே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். தமிழில் நான் ஐந்தாம் வகுப்புத்தான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். யாராவது வாசியுங்கள். நான் பின்வரிசையில் இருந்து கேட்கிறேன்.

உங்களில் பலரும் என்னைப்போலப் பிள்ளைகளாக இந்த ஊருக்கு வந்தவர்கள். அந்த முதல் குளிர்காலம் எப்படி இருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. எனக்குப் பன்னிரண்டு வயது. செயின்ட்-மிஷேலில் மூன்று தட்டு வீடொன்றில் நடுத்தட்டு எங்களுடையது. தெருவிலிருந்து வளைந்து ஏறும் இரும்புப் படி. ஈரக் கையால் கைபிடியைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். அப்பா எங்களுக்கு இரண்டு வருடம் முந்தி வந்தவர். துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை, பகலில் நித்திரை. நான் பிரெஞ்சு படிப்பிக்கிற வகுப்புக்குப் போனேன். அங்கே ஆசிரியை என் பெயரைக் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குவேன். என் குரல் எப்படி இருக்கும் என்று அந்த மனுசிக்கு வருடம் முடியும்வரை தெரியாது.

கீழ்வீட்டில் ஹெயிட்டித் தீவிலிருந்து வந்த ஒருவர் தனியே இருந்தார். டாக்சி ஓட்டுகிறவர். நான் அவரை டாக்சி மாமா என்று மனதுக்குள் கூப்பிட்டேன். அம்மா "கறுவல்" என்பார். "அந்தக் கறுவலின்ர வாசலிலை நிண்டு புதினம் பாக்காதை." அம்மாவின் நிறம் என்ன, என் நிறம் என்ன என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

அவருடைய வாசல் நடையில் என் நெஞ்சுயரத்துக்கு ஒரு நீலப் பீப்பாய் நின்றது. அதைக் குப்பைப் பீப்பாய் என்று அம்மா முடிவு கட்டியிருந்தார். உண்மையில் அது ஊரிலுள்ள மனைவிக்கும் மகளுக்கும் போகிற பீப்பாய். அரிசி, எண்ணெய் டின், கொப்பி, துவாய், மீன் டின் என்று மாதக்கணக்கில் நிரப்புவார். நிரம்பியதும் மூடியை அடித்துக் கப்பலுக்கு அனுப்புவார். அனுப்புகிற சட்டையின் கைக்குள்ளேகூடச் சவர்க்காரக் கட்டி இருக்கும். "காத்தை அனுப்பக் கூடாது பிள்ளை" என்பார். அவர் என்னோடு மெதுவான பிரெஞ்சில் கதைப்பார். நான் அதை எங்கள் பேச்சுத்தமிழிலேயே எழுதுகிறேன்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். அவர் என்னை மறித்து, பனிச்சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நிலத்தில் விரித்தார். யாரோ ஒரு பிள்ளையின் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டிருந்தது.

"என்ர மகள். காலை இதிலை வை பாப்பம்."

வைத்தேன். கோட்டுக்குள் சரியாகப் போய் இருந்தது. பெருவிரல் மட்டும் கொஞ்சம் வெளியே.

"இது போன வருசத்தாள். இப்ப அவளுக்கும் பெருவிரல் வெளியிலைதான் நிக்கும்" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்தாரா, மூக்கைத் துடைத்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. குளிரில் இரண்டும் ஒன்றுதான்.

அம்மா மேலேயிருந்து கண்டுவிட்டார். வெறும் காலுறையோடு படி இறங்கி வந்து என்னை இழுத்துக்கொண்டு போனார். அப்பாவை நித்திரையால் எழுப்பி விசாரிக்க அனுப்பினார். அப்பா சிரித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"இஞ்சாரும், மனுசன் ஊரிலை உள்ள பிள்ளைக்குச் சப்பாத்து வாங்க அளவு பாக்குது. அவ்வளவுதான்."

"அளவு பாக்கிறதெண்டால் தன்ர காலிலை பாக்கட்டுமன்" என்றார் அம்மா.

அவர் கடிதம் எழுதுவதில்லை. கசெட்தான். எங்கள் ஆட்களும் அப்போது கசெட் அனுப்பினார்கள், ஆனால் நாங்கள் கதவைச் சாத்தி, இருமலை அடக்கி, செய்தி வாசிக்கிறமாதிரிக் கதைப்போம். அவர் டாக்சிக்குள் இருந்தே பதிவார். கோட்-டெ-நெய்ஜில் ஒரு ஆசுபத்திரி வாசலில் டாக்சிகள் வரிசையாக நிற்கும். ஆள் வரும்வரை மனைவியோடு கதைப்பார். ஆள் ஏறினால் நிறுத்துவார், இறங்கினால் மறுபடி தொடங்குவார். எனக்கு ஒருதரம் போட்டுக் காட்டினார். காரின் சூடாக்கி இரைகிறது. அவர் கதைக்கிறார். பனியில் நொறுக் நொறுக் என்று யாரோ நடந்து வருகிறார்கள். கிட்ட வருகிறது, தாண்டிப் போகிறது. பின்னால் நிற்கிற காரின் கதவு திறக்கிறது.

"வரிசையிலை நீங்கள்தானே முதல். ஏன் அங்கை போனவை?" என்று கேட்டேன்.

"அவைக்கு வேற நிறத்திலை சாரதி வேணுமாம்" என்றார், காலநிலை சொல்கிறமாதிரி. கசெட்டிலும் மனைவியிடம் அதே குரலில்தான் ஏதோ சொல்லிவிட்டுப் பழைய கதைக்குப் போனார்.

அவருடைய ஊரில் ஒரு வீட்டு வாசலுக்கு வந்தவர் "ஒனே" என்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளே இருப்பவர் "ரெஸ்பே" என்று பதில் சொன்ன பிறகுதான் படி மிதிக்கலாம். இரண்டும் மரியாதைச் சொற்கள். கசெட்டிலும் அப்படித்தான். மனைவி "ஒனே" என்று தொடங்கிச் சற்று நிறுத்துவார். இவர் காருக்குள் இருந்து, கசெட் பெட்டியைப் பார்த்து, "ரெஸ்பே" என்பார். பிறகுதான் அங்கிருந்து கதை வரும்.

தை மாதம் நல்ல குளிர். டாக்சி திருத்தக் கொடுத்திருந்தது. அவருடைய வீட்டுச் சூடாக்கியும் நின்றுவிட்டது. ஒரு ஞாயிறு மதியம் அப்பா அவரை மேலே கூட்டிவந்து எங்கள் குசினி மேசையடியில் இருத்தினார். "வந்த மனுசனுக்குத் தேத்தண்ணி குடுக்காமல் விடேலாது" என்று அம்மா சட்டியைப் பார்த்துக்கொண்டு சொல்லி, ஒரு கோப்பையை நீட்டினார். அவர் கையோடு கொண்டுவந்த புதுச் சப்பாத்தை எனக்குப் போட்டுப் பார்த்தார். வெள்ளை, பக்கத்தில் சின்னக் கொளுக்கி. பிறகு தன் பெட்டியை மேசையில் வைத்து மனைவிக்குப் பதியத் தொடங்கினார்.

நான் அந்தச் சப்பாத்தோடு குசினிக்கும் அறைக்கும் டொக் டொக் என்று நடந்தேன். அப்படி ஒரு சப்பாத்து எனக்கு இருந்ததே இல்லை. வழுக்கி விழப்போய், சுவரைப் பிடித்து, பெரிதாகச் சிரித்தேன். அடுப்பில் கடுகு வெடித்தது. அம்மா, "எடி பிள்ளை, சாப்பிட வா! எத்தினை தரம் கூப்பிடுறது?" என்று கத்தினார்.

"நிப்பாட்டுங்கோ, சத்தம் போகுது" என்று நான் டாக்சி மாமாவுக்குச் சைகை காட்டினேன்.

அவர் தலையாட்டினார். "போகட்டும். நான் இஞ்சை தனியக் கிடக்கிறன் எண்டு அவள் அழுறவள். வீட்டுச் சத்தம் கேட்டால் அவளுக்கு ஆறுதல்."

நல்ல மனதோடு செய்த காரியம். இந்த வயதில் நினைத்துப் பார்த்தால், அப்படி ஒரு மடத்தனத்தை நல்ல மனதுக்காரர்தான் செய்ய முடியும்.

பங்குனி நடுப்பகுதியில், ஊருக்குப் போய்வந்த ஒருவரின் கையில் பதில் கசெட் வந்தது. டாக்சி மாமா பெட்டியையும் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். தொப்பியைக் கழற்ற மறந்திருந்தார்.

"இது பழுதோ எண்டு பாருங்கோ" என்று அப்பாவிடம் நீட்டினார்.

அப்பா போட்டார். சேவல் ஒன்று கூவியது. விளக்குமாறு முற்றத்தைக் கூட்டுகிற சத்தம். சரக், சரக், சரக். நாய் குரைத்தது. மறுபடி சரக், சரக். ஆள் குரல் இல்லை. மற்றப் பக்கத்தைத் திருப்பிப் போட்டார். அதே சரக், சரக். "ஒனே"கூட இல்லை.

"பிழையா அமத்திப்போட்டினமாக்கும்" என்றார் அப்பா.

"இல்லை. கொண்டு வந்தவனிட்டை வாயாலை சொல்லி அனுப்பியிருக்கிறா." அவர் கதிரையில் இருந்தார். "உங்கட வீட்டிலை ஒரு பொம்பிளையின்ர சத்தம் கேக்குது, ஒரு பிள்ளை சிரிக்குது, சமையல் நடக்குது. நல்லா இருங்கோ. நான் நேர்முகத்துக்குப் போகமாட்டன். அப்பிடியாம்."

மூன்று வருடமாக அவர் மனைவியையும் மகளையும் கூப்பிடக் கடதாசி போட்டு அலைந்தவர். உயிர்த்த ஞாயிறு கழிந்த கிழமை அவர்களுடைய தலைநகரத்தில் விசா நேர்முகம். போகாவிட்டால் விண்ணப்பக் கோவையை மூடிவிடுவார்கள், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவருடைய மனைவியை நான் மனதுக்குள் மாமி என்று கூப்பிட்டேன். மாமியின் வீட்டில் தொலைபேசி இல்லை. ஊர்த் தொலைபேசி நிலையத்துக்கு ஆள் விட்டுக் கூப்பிட்டும் மாமி வரவில்லை.

"என்னவாம் பிள்ளை?" என்று அம்மா கேட்டார். நான் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்தார்.

"என்ர குரலோ?"

"ஓம்."

அம்மா சட்டியை மூடினார். பிறகு, "நானெண்டாலும் உப்பிடித்தான் நினைச்சிருப்பன்" என்றார். "இவர் இஞ்சை இருந்த ரெண்டு வருசமும் நான் அங்கை ஒவ்வொரு கடிதத்தையும் மூக்கிலை வைச்சு மணந்து பாத்தனான்."

அப்பா திடுக்கிட்டார். "மணந்தனீரோ? என்னத்துக்கு?"

"என்னத்துக்கெண்டு உங்களுக்கு விளங்காட்டி இருங்கோ."

மறுமொழிக் கசெட் ஏற்கெனவே தயார் என்றார் டாக்சி மாமா. காருக்குள் இருந்து, மாதாவின்மேல் சத்தியம் பண்ணிப் பதிந்திருந்தாராம். வருகிற சனிக்கிழமை ஒருவர் ஊருக்குப் போகிறார். நான் அதை மொழிபெயர்த்ததும் அம்மா கையை வீசினார்.

"சத்தியத்தைத் தூக்கி எறியச் சொல்லு. காதாலை கேட்டுச் சந்தேகப்பட்டவவுக்குக் காதாலைதான் காட்டவேணும். எங்கட வீடு வேற, அவற்ர வீடு வேற எண்டு கேக்கவேணும். மேலையிருந்து கீழை வரைக்கும், நடந்து நடந்து, நிப்பாட்டாமல் பதியவேணும். ஒரு இடத்திலை நிப்பாட்டினாலும் அங்கை எதையோ மறைச்சதெண்டு நினைப்பா."

அப்பா அம்மாவைப் புது ஆளைப் பார்க்கிறமாதிரிப் பார்த்தார்.

"கதைச்சுக்கொண்டு பெட்டியை ஆர் கொண்டு போறது?" என்றார்.

டாக்சி மாமா கொண்டுபோக முடியாது; அவர் கதைத்தால் மாமி நம்பமாட்டார். அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்த களஞ்சியப் பிரெஞ்சில் பாதி கெட்ட வார்த்தைகள். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டினேன்.

அம்மா கதவுக்கு வெளியே நின்று சொன்னார்: "நீ சிரிச்சதும் நான் கத்தினதும்தானே வினை. நான் என்ர பங்கைச் செய்யிறன். நீ உன்ர பங்கைச் செய்." பிறகு குரல் தாழ்ந்தது. "அந்தப் பிள்ளைக்கு உன்ர வயசு."

வெள்ளிக்கிழமை பின்னேரம் நேரம் குறித்தோம். டாக்சி மாமா வாயே திறக்கக் கூடாது என்று அம்மாவின் கட்டளை. அவரைத் தெருவில் டாக்சிக்குள் இருக்கச் சொல்லி, வீட்டுத் திறப்பை வாங்கினோம். நான் கோட்டைப் போட்டு, பெட்டியைக் கழுத்தில் மாட்டி, சிவப்புப் பொத்தானையும் கறுப்புப் பொத்தானையும் ஒன்றாக அமத்தினேன்.

கசெட் சுற்றியது. எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. அம்மா கண்ணை உருட்டினார். இன்னும் சுற்றியது.

"ஒனே" என்றேன்.

அது எப்படி வந்ததோ தெரியாது. ஆனால் அதைச் சொன்னபிறகு சும்மா இருக்க முடியாது, வாசலில் கூப்பிட்டுவிட்டேனே. "பொன்ஜூர் மதாம். நான் மேல்வீட்டுப் பிள்ளை. சிரித்தது நான்தான். உங்கள் மகளின் சப்பாத்தைப் போட்டு நடந்தேன். அது மிக அழகாக இருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள். இப்போது நான் எங்கள் குசினியில் நிற்கிறேன். இது என் அம்மா."

அம்மா சட்டியில் கடுகைப் போட்டு, அன்றைக்குக் கத்தினமாதிரியே "எடி பிள்ளை, சாப்பிட வா!" என்று கத்தினார். பிறகு பெட்டிக்குக் கிட்ட வந்து தமிழில் தொடங்கினார். "தங்கச்சி, கேட்டியளே, இந்தக் குரல்தானே? இது என்ர தொண்டை, என்ர பிள்ளையைக் கூப்பிட்ட தொண்டை. உங்கட மனுசன் இந்த வீட்டிலை குடிச்சது ஒரே ஒரு தேத்தண்ணி. அதுக்கும் நான் முகத்தைச் சுழிச்சுக்கொண்டுதான் குடுத்தனான். அதுக்கு என்னை மன்னியுங்கோ. நீங்கள் வாங்கோ. வந்து உங்கட மனுசனை நீங்களே பாருங்கோ. அந்தாள் மெலிஞ்சுபோச்சு." இன்னும் நிறையச் சொன்னார். மொழிபெயர்க்க எனக்குச் சொற்கள் போதவில்லை. "அம்மா உங்களை வரச் சொல்கிறார், மன்னிப்புக் கேட்கிறார், மிச்சமும் நல்ல சொற்கள்தான்" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்தது படுக்கையறை. அப்பா போர்வையை இழுத்து மூடிக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நடிப்பல்ல, இரவு வேலை முடிந்த உண்மையான குறட்டை. பெட்டியைக் கட்டிலுக்குக் கிட்டப் பிடித்தேன். "இது என் அப்பா. எங்கள் வீட்டு ஆண் இவர்தான்."

பிறகு வெளிக் கதவு. காற்று பெட்டிக்குள் இரைந்தது. படிகளை ஒவ்வொன்றாகப் பிரெஞ்சில் எண்ணிக்கொண்டு இறங்கினேன். பனி உருகி இரும்பு சொட்டிக்கொண்டிருந்தது. தெருவில் போன ஒரு கிழவர் என்னைப் பார்த்து நின்றார். வேறு நாளென்றால் நான் செத்திருப்பேன். அன்றைக்கு இன்னும் பலமாக எண்ணினேன். டாக்சிக்குள்ளிருந்து மாமா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

கீழ்வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போய்ச் சாத்தினேன். ஒரு சத்தமும் இல்லை. குளிர்சாதனப் பெட்டி மட்டும் முணுமுணுத்தது. அந்த வீட்டுக்குள் நான் அதுவரை போனதில்லை. அம்மா போட்டுத் தந்த திட்டத்தில் இதற்குப்பிறகு ஒன்றும் இல்லை. ஆனால் கசெட் சுற்றுகிறதே. நான் கண்டதையெல்லாம் சொன்னேன். ஒரு கோப்பை. ஒரு கரண்டி. கொளுக்கியில் ஒரு கோட்டு. சன்னலில் காயப்போட்ட ஒரே ஒரு சோடிக் காலுறை. சுவரில் மாதா படம். பக்கத்தில் நீங்கள், பூப்போட்ட சட்டையில், கண்ணைச் சுருக்கிக்கொண்டு. உங்கள் மகளின் கால் வரைந்த தாள் கதவில் ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு வருடத்துத் தாளும் இருக்கிறது மதாம், மூன்று தாள், சின்னது, பெரியது, இன்னும் பெரியது.

அப்போது மேலேயிருந்து, கூரைக்கு அப்பால், கிணற்றுக்குள்ளிருந்து வருகிறமாதிரி ஒரு குரல். "எடி பிள்ளை, சாப்பிட வா!"

"கேட்கிறதா மதாம்? அம்மா அங்கே. நான் இங்கே. இது உங்களுடைய வீடு. இங்கே ஒருவரும் இல்லை" என்று சொன்னேன். பிறகும் கதைத்தேன். எங்கள் ஊரைப் பற்றி, பள்ளிக்கூடத்தில் நான் கதைக்காததைப் பற்றி, உங்கள் மகள் வந்தால் அவளோடு சேர்ந்து போகலாம் என்பதைப் பற்றி. டக் என்று பெட்டி தானாக நின்றது. ஒரு பக்கம் முடிந்திருந்தது.

சனிக்கிழமை கசெட் போனது. அதற்குப்பிறகு நாள்கள் நகரவில்லை. டாக்சி மாமா பீப்பாயை மூடித் துறைமுகத்தில் கொடுத்துவிட்டு வந்து, வெறும் நடையில் நின்றார். உயிர்த்த ஞாயிறு போனது. நேர்முகக் கிழமையும் போனது. அம்மா இரண்டுதரம் அவருக்குச் சோறு போட்டு என்னிடம் கொடுத்துவிட்டார். "கறுவல்" என்ற சொல் எங்கள் வீட்டில் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது, ஆனால் அந்த நாள்களுக்குள்தான் நின்றது.

சித்திரை முடிவில் கசெட் வந்தது. தனியே கேட்க அவருக்குத் துணிவில்லை. எங்கள் குசினிக்குக் கொண்டுவந்தார். அப்பாதான் பொத்தானை அமத்தினார். முதலில் இரைச்சல். பிறகு ஒரு பெண்குரல்.

"ஒனே."

டாக்சி மாமா வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. கசெட் காத்துக்கொண்டு சுற்றியது.

"ரெஸ்பே!" என்றார் அம்மா, மூன்றாம் தட்டுக்கும் கேட்கத்தக்கதாக.

மாமி நேர்முகத்துக்குப் போயிருந்தார். மகளோடு போயிருந்தார். நல்லபடியாக முடிந்ததாம். நடுவில் எனக்கும் ஒரு செய்தி, பிரெஞ்சில்: "மேல்வீட்டுப் பிள்ளை நன்றாகக் கதைக்கிறாள். ஆனால் பதினாலாவது படியை எண்ணாமல் விட்டுவிட்டாள்." டாக்சி மாமா மேசையில் தலையை வைத்து அழுதார், சிரித்தார். அப்பா அவர் முதுகைத் தட்டிக்கொண்டே, "இவ்வளவு கவனமா ஆர் எண்ணினது" என்றார்.

ஆவணியில் அவர்கள் வந்தார்கள். விமானநிலையத்திலிருந்து டாக்சி வந்து நின்றதும் நான் படியின் உச்சியில் நின்று பார்த்தேன். மகள் என்னைவிட ஒரு தலை உயரம். மாமி தொப்பியும் கையுறையுமாக, கோயிலுக்குப் போகிறமாதிரி இறங்கினார். டாக்சி மாமா இரண்டு பயணப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு, கீழ்வீட்டுக் கதவுக்கு முன்னால் வழிவிட்டு நின்றார்.

மாமி அந்தக் கதவைப் பார்க்கவே இல்லை. நேரே எங்கள் படியில் ஏறினார்.

அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். இருவரும் ஒருவரையொருவர் மேலும் கீழும் பார்த்தார்கள். நான் தொண்டையைச் செருமி மொழிபெயர்க்கத் தயாரானேன். அதற்குள் அம்மா தமிழில் தொடங்கினார், மாமி தங்கள் பாஷையில் தொடங்கினார். ஒரே நேரத்தில், நிறுத்தாமல். நான் நடுவில் நின்று ஒரு சொல்லைச் சொல்லப் பார்த்தேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு கையால் என்னை ஒதுக்கிவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

சத்தத்தில் அப்பா எழும்பி, சாரத்தை இறுக்கிக்கொண்டு அறை வாசலுக்கு வந்தார். மாமி அவருடைய முகத்தைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். ஒரே மூக்கு. விறுவிறுவென்று எங்கள் பல்கனிக்குப் போய், கம்பியைப் பிடித்துக் குனிந்து, தெருவெல்லாம் கேட்கக் கீழே பிரெஞ்சில் கத்தினார்:

"ஏய் மனுசா! நீ சொன்னது உண்மைதான்! உனக்கு ஒருத்தியும் இல்லைத்தான்!"

எதிர்வீட்டுச் சன்னல்கள் திறந்தன. டாக்சி நடுத்தெருவில் கதவெல்லாம் திறந்தபடி நின்றது, பின்னால் மூன்று கார்கள் ஹோர்ன் அடித்தன. டாக்சி மாமா இரண்டு பெட்டிகளையும் கையில் தூக்கியபடி, அண்ணாந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார். கார்கள் இன்னும் அடித்தன. அவர் அசையவில்லை.